தியாகி சரி, பாடகர் எங்கே?



சிவகாசி என்றதும் ஊருலகத்துக்கு நினைவு வருவது பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். அந்த ஊரில்தான் 1886-ல் விஸ்வநாததாஸ் பிறந்தார் என்றால் நம் வகுப்பிலேயே பாதிப் பேர் "யாருப்பா அது?" என்பார்கள். தெரிந்தவர்களுக்கும் 'தியாகி' என்ற பட்டம் மட்டும்தான் தெரியும். என் வருத்தமே அதுதான். தியாகி, தியாகி என்று சொல்லியே அவர் பெரிய பாட்டுக்காரர் என்பதை மறைத்துவிட்டோம்!

அந்தக் காலத்து ராஜபார்ட்டுக்கு முதல் தகுதி தொண்டை. மைக்கை நம்பிப் பாட முடியாது. ஹார்மோனியக்காரர் வைக்கிற கட்டைக்கு எட்ட வேண்டும். கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை புரிய வேண்டும். விடிய விடியக் குரல் உடையக் கூடாது. மேல்நாட்டில் 'ஓபரா' என்று கோட்டு சூட்டு போட்டுப் போய்க் கேட்கிறார்களே, அந்த மாதிரிப் பாட்டு நாடகத்தை நம்மவர்கள் பொட்டலில் உட்கார்ந்தே கேட்டார்கள்.

வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கிற காட்சி வரும். அங்கே தாஸ் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். அந்தக் கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரத்தில் நிற்கிற போலீசுக்கும் தெரியும்! 1919-ல் நடந்த பஞ்சாப் படுகொலையையும் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். அதே கருத்தைக் கரகரத்த குரலில் ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. அவர் முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். மேடையில் முருகனாக நின்றவரோடு வள்ளியாக நிற்கமாட்டோம் என்று சாதி பார்த்து ஒதுங்கிய நடிகைகளும் இருந்தார்கள். கும்பிடுவது முருகனை, ஒதுக்குவது நடிகனையா?

எங்கம்மா பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். ஏதாவது முணுமுணுத்தாலே, "பாட்டுப் படிச்சா சோறு வருமாடா? பரிச்சைக்குப் படி"ன்னு சத்தம் போடும். நியாயம்தான். தாஸ் ஒன்றும் பாடிச் சொத்து சேர்த்தவர் இல்லை. ஆனால் ஊர்ப் பொங்கலுக்கு வள்ளி திருமணம் போட்டால் அதே அம்மா, பகலெல்லாம் வேலை செய்த அலுப்போடு, விடியும்வரை கண்ணசராமல் கேட்கும். மறுநாள் அந்தப் பாட்டை அதுவே படிக்கும்!

31-12-1940 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது. வயது 54. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. நம்மில் பலர் மதுரைக்குப் போகிற வழிதான். எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்?

நம் ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் விசிலடிப்பவன்தான். ஆனால் நாடகக் கலைஞர்கள் இன்றும் நம் பக்கத்துக் கிராமங்களில் பாடுகிறார்கள். ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், அரைமணி நேரம். பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே கூப்பிட்டுவிடலாம். பேரவைச் செயலாளர் அண்ணனிடம் கேட்டேன். "பசங்க கத்துவாங்கடா" என்றார்.

கத்தட்டுமே அண்ணே! முதல் பாட்டு முடியறவரைக்கும் பொறுங்க.