ஒரே இசைத்தட்டில் இரண்டு குரல்கள்

"இவர் பாட்டு உயர்ந்ததா, அவர் பாட்டு உயர்ந்ததா?"

பாட்டு உள்ள இடமெல்லாம் இந்தச் சண்டையும் உண்டு. அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டைப் பற்றி ரசிகர்கள் இன்றும் இப்படிப் பேசி வருகிறார்கள்.

இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்று ஒரு ஊர். அங்கே ஜே பேரர், ஜெப் ட்வீடி என்று இரண்டு பள்ளித் தோழர்கள். 1987-ம் ஆண்டில், மைக் ஹைடோர்ன் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு "அங்கிள் டூபெலோ" என்ற இசைக் குழுவைத் தொடங்கினார்கள்.

பிடிலும் கிட்டாரும் வைத்து அமெரிக்க நாட்டுப்புறத்தார் பாடி வந்த பாட்டுக்கு "கன்ட்ரி" என்று பெயர். காது அதிர முழங்கும் பாட்டு "ராக்". இந்தத் தோழர்கள் இரண்டையும் கலந்தார்கள். அந்தக் கலப்பை "ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி" என்கிறார்கள்.

வலி தீர்க்கும் மருந்து

1993-ல் "அனடைன்" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. வலி தீர்க்கும் மருந்து என்பது அதன் பொருள். எல்லோரும் கூடி நின்று, மேடையில் பாடுவதுபோல் பாடிப் பதிவு செய்தார்கள். பின்னால் ஒட்டுப்போடும் வேலையே இல்லை!

மொத்தம் 12 பாட்டுகள். ஆறு பேரருடையவை, ஐந்து ட்வீடியுடையவை. மீதி ஒன்று டக் சாம் என்ற மூத்த பாடகருடையது. அதில் அவரும் வந்து பாடியிருக்கிறார்.

பேரரின் குரல் கனமானது. கிணற்று ஆழத்திலிருந்து வருவது போல் இருக்கும். துக்கத்தைச் சொன்னாலும் அவசரப்பட மாட்டார். "ஸ்லேட்" என்ற முதல் பாட்டிலேயே இதைக் கேட்கலாம்.

ட்வீடியின் குரல் லேசானது, கொஞ்சம் கரகரப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் பாடுவார். "நியூ மாட்ரிட்" என்ற பாட்டைப் பாருங்கள். 1990 டிசம்பரில் அந்த ஊர்ப் பக்கம் பூகம்பம் வரும் என்று ஒருவர் சொன்னார். மக்கள் நடுங்கினார்கள். பூகம்பம் வரவில்லை! அந்தச் செய்தியை வைத்தே ட்வீடி ஒரு காதல் பாட்டுக் கட்டிவிட்டார்.

பிரிவு

மருந்தின் பெயர் வைத்த இசைத்தட்டு, நட்பில் விழுந்த விரிசலை ஆற்றவில்லை. பேரர் விலக முடிவு செய்தார். 1994 மே 1-ந் தேதி செயின்ட் லூயி நகரில் கடைசிக் கச்சேரி நடந்தது. பேரர் "சன் வோல்ட்" குழுவையும், ட்வீடி "வில்கோ" குழுவையும் தொடங்கினார்கள். இருவரும் புகழ் பெற்றார்கள்.

ஆனாலும், "அனடைன்" தரும் சுகம் தனி. கனத்த குரல் கேட்டுப் பாரமான மனம், லேசான குரல் வந்ததும் இளைப்பாறுகிறது. சிரித்த முகம் அடுத்த பாட்டில் மறுபடியும் சிந்தனையில் ஆழ்கிறது. ஒருவர் மட்டும் பாடியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

யார் பெரியவர் என்ற சண்டை வேண்டாம். 12 பாட்டுகளையும் வரிசையாகக் கேளுங்கள். பிரிந்துபோன இரண்டு தோழர்கள், அந்தத் தட்டில் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள்.