இரண்டு எண்களில் அடங்கிய பூட்டி

ஐக்கிய அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் பெண்களுக்கென்றே இரண்டு சிறிய நிரல்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் என்பது ஒன்று. அவர்களுள் எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பது மற்றையது. முதல் நிரலில் பத்து என்றும் அடுத்ததில் ஆறு என்றும் எழுதப்பட்டிருக்குமாயின், அந்தப் பெண் நான்கு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் என்று நாமே கழித்துப் பார்த்து அறிந்து கொள்ள வேண்டியதுதான். 1847இல் இருபத்தைந்து வயதில் ஒல்லாந்திலிருந்து கப்பல் ஏறிய ஒருத்திக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் அந்நிய மண்ணை விளைநிலமாக்கிய அவளது வாழ்வைப் பற்றி அரசாங்கம் அவளிடம் கேட்ட அந்தரங்கமான கேள்விகள் அனேகமாக இவ்விரண்டுதான்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன யாழ்ப்பாணக் கோட்டையும் தோம்பும் தேசவழமையுமே. கந்தோர், போஞ்சி என்று அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை இன்றும் நாம் அறியாமலே புழங்கி வருகின்றோம். ஆனால் நான் இங்கு கூற முற்படுவது கிழக்கிந்தியக் கம்பனியின் ஒல்லாந்தரைப் பற்றியன்று. கோட்டையும் பீரங்கியும் இல்லாத, உருளைக்கிழங்கை நம்பி உயிர் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களைப் பற்றியது.

1834இல் ஒல்லாந்தின் அரச ஆதரவு பெற்ற திருச்சபையிலிருந்து ஒரு பிரிவினர் வெளியேறினர். இருபது பேருக்கு மேல் அனுமதியின்றி ஒன்றுகூடக் கூடாது என்ற நெப்போலியன் காலத்துச் சட்டம் அவர்கள் மீது ஏவப்பட்டது. தண்டம் விதிக்கப்பட்டது, வீடுகளில் படையினர் தங்கவைக்கப்பட்டனர். 1845இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து வயிற்றிலும் அடித்தது. விசுவாசமும் பசியும் ஒன்றாகச் சேர்ந்து அவர்களைக் கடற்கரைக்குத் தள்ளின. போதகர் வான் ரால்ட்டேயுடன் சென்றவர்கள் 1847 பெப்ரவரியில் மிச்சிகன் காட்டில் ஹொலண்ட் என்ற ஊருக்கு அடியிட்டனர். போதகர் ஸ்கோல்ட்டே தலைமையில் ஏறத்தாழ 800 பேர் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அயோவாப் புல்வெளியை அடைந்து பெல்லா என்ற ஊரை நிறுவினர். வேறு சிலர் சிக்காகோவுக்குத் தெற்கே, பின்னாளில் சவுத் ஹொலண்ட் எனப் பெயர்பெற்ற சதுப்பு நிலத்தில் குடியேறினர். அதை அவர்கள் தாழ்ந்த புல்வெளி என்று அழைத்தனர்.

இவை எல்லா நினைவு மலர்களிலும் உள்ளவை. அம்மலர்களில் போதகர்களின் படங்கள் உண்டு. தேவாலயம் கட்டிய மூப்பர்களின் படங்கள் உண்டு. பெண்கள் ஒரே வாக்கியத்தில் நன்றியுடன் நினைவுகூரப்பட்டு ஒதுக்கப்படுவர். பத்திரிகையில் பல ஆண்டுகள் நினைவு மலர்க் கட்டுரைகளைத் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வாக்கியம் எல்லா மொழிகளிலும் ஒன்றுதான்.

அவர்களுடைய பெயர்கள் எப்படித் தொலைந்தன என்பதைப் பாருங்கள். ஒல்லாந்தில் நெப்போலியன் காலம் முதல் ஒரு பெண் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய பதிவுகள் அனைத்திலும் தன் தந்தைவழிப் பெயரிலேயே பதியப்பட்டாள். திருமணம் அவளது பெயரை மாற்றவில்லை. ஆனால் குடிபெயர்வோர் பட்டியலை அதிகாரிகள் எழுதியபோது குடும்பத் தலைவனின் பெயரே எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் எண்ணிக்கையாயினர். அத்திலாந்திக் கடலைக் கடந்து கரையேறியதும் அவள் கணவனின் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று ஒட்டப்பட்டவளானாள். 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் மனைவியும் தானாகவே பிரசை. அவள் சத்தியம் செய்யவும் வேண்டியதில்லை, கேட்கப்படவும் வேண்டியதில்லை. 1922இல்தான் இந்நிலை மாறியது. இன்று வம்சாவளி தேடும் கொள்ளுப்பேரர்கள் பூட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க ஒல்லாந்து ஆவணக் காப்பகங்களின் கதவைத் தட்ட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

அவள் செய்த வேலைக்கும் இதே கதிதான். 1850ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் வீட்டிலுள்ள அனைவரின் பெயரும் முதன்முறையாக எழுதப்பட்டது. ஆயினும் தொழில் என்ன என்ற கேள்வி பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. பெண்ணுக்கு அந்த இடம் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்துக்குள் இருந்தது என்ன? பெல்லாவில் முதல் குளிர்காலத்தைப் பலர் நிலத்தைக் குடைந்து வைக்கோல் வேய்ந்த குழிவீடுகளில் கழித்தனர். அதனால் அக்குடியிருப்புக்கு வைக்கோல் நகரம் என்றே பெயர். ஈரம் கசியும் மண்சுவருக்குள் பிரசவமும் சமையலும் நோயாளிப் பராமரிப்பும் நடந்தன. மிச்சிகனில் முதல் கோடையில் மலேரியாவும் ஏனைய நோய்களும் வீடு வீடாகப் புகுந்தன. பின்னர் நிலம் பண்பட்டதும் பசுக்களும் கோழிகளும் வந்தன. கோதுமையும் சோளமும் விற்ற பணம் கடனுக்கும் நிலத்துக்கும் போக, வெண்ணெயும் முட்டையும் கடைக்குக் கொண்டுபோய் மாற்றிய பொருளில்தான் சீனியும் துணியும் கோப்பியும் வந்தன. வெண்ணெய் கடைந்த கை எவருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சவுத் ஹொலண்டில் இன்னொரு தொழில் தழைத்தது. விதையை நெருக்கமாக விதைத்து, பருக்கவிடாமல் சிறு குமிழாகவே எடுத்து உலர்த்தி, அடுத்த பருவ நடுகைக்கு விற்கும் நாற்று வெங்காயம். உலகின் நாற்று வெங்காயத் தலைநகரம் என்று அவ்வூர் தன்னைப் பெருமையோடு அழைத்துக் கொண்டது. அவ்வெங்காயத்துக்குக் களை பிடுங்குவது முழந்தாளிட்டுத் தவழ்ந்து செய்யும் வேலை. பெண்களும் பிள்ளைகளும் அதைச் செய்தனர். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்பதால் மறுநாள் சமையலுக்கான கிழங்குகள் சனியிரவே உரித்து வைக்கப்படும். ஆண்களுக்கு ஓய்வுநாள் ஒரு நாள் முன்னதாகவே பெண்களின் உழைப்பினால் விலைக்கு வாங்கப்பட்டது.

பிள்ளைகளுக்குப் பெயரிடுவதில் அவர்களிடம் ஒரு வழமை இருந்தது. தாத்தா பாட்டியரின் பெயர்களை முறைப்படி இடுவர். ஒரு குழந்தை இறந்தால், அடுத்துப் பிறக்கும் அதே பாலினக் குழந்தைக்கு அதே பெயரை மீண்டும் இடுவர். வம்சாவளி ஏடுகளில் ஒரே தாய்க்கு ஒரே பெயரில் இரண்டு, மூன்று பிள்ளைகள் காணப்படுவது இதனால்தான். புதிதாகத் தேடுவோர் இதை எழுத்துப் பிழை என்று எண்ணி அடித்துவிடுவதும் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி உயிருள்ள பிள்ளையை அழைக்கும் ஒவ்வொரு முறையும் தாயின் மனத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதற்கு எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை.

இரண்டு பெண்களின் பெயர்கள் மட்டும் ஓரளவு வெளியே தெரியும். ஒருவர் போதகர் ஸ்கோல்ட்டேயின் மனைவி மரியா. நாகரிகமான நகர வாழ்வில் வளர்ந்தவர். அவர் ஆசையோடு கொண்டுவந்த நீலநிற டெல்ஃப்ட் பீங்கான் பாத்திரங்கள் வழியிலேயே உடைந்து சிதறின என்பது பெல்லாவில் இன்றும் சொல்லப்படும் கதை. ஸ்கோல்ட்டே குடும்பத்தில் மணம் முடித்த லியோனோரா அவரைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்நிய நாட்டில் ஓர் அந்நியர் என்ற பொருள்படத் தலைப்பிட்டார். குழிவீட்டுப் பெண்களுடன் ஒப்பிட்டால் அவர் வசதி படைத்தவர்தான். எனினும் தான் கேட்காத ஒரு பயணத்துக்குத் தன் வாழ்வைக் கொடுத்த பெண் என்ற வகையில் அவரும் அவர்களில் ஒருவரே.

மற்றவர் அந்த்யே பார்ல்பெர்க். 1847இல் குடும்பத்துடன் புறப்பட்டு, கணவரைப் பயணத்தில் பறிகொடுத்து, பிள்ளைகளுடன் தாழ்ந்த புல்வெளிக்கு வந்து பண்ணை அமைத்தவர். 'விதவை பார்ல்பெர்க்' என்றே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. இதிலுள்ள கசப்பான உண்மையைக் கவனிக்க வேண்டும். அக்காலச் சட்டத்தில் மணமான பெண் கணவனின் நிழலில் இருந்தவள். ஒல்லாந்திலேயே மணமான பெண்ணுக்குச் சுயமாக ஒப்பந்தம் செய்யும் தகைமை வழங்கும் சட்டம் 1956இல்தான் நிறைவேறியது. விதவைதான் நிலம் வாங்கலாம், விற்கலாம், கையெழுத்திடலாம். ஆக, கணவன் மரித்தால் மட்டுமே ஒரு பெண் தன் பெயருடன் ஆவணத்துக்குள் நுழைந்தாள். ஊரில் எத்தனையோ பூட்டிமார் இதே வேலையைச் செய்திருக்க, விதவை மட்டும் வரலாற்றில் தெரிவதன் இரகசியம் இதுவேயன்றி அவர் மட்டும் அசாதாரணமானவர் என்பதன்று.

இவரது வாழ்வின் தூண்டுதலில் எட்னா ஃபெர்பர் 1924இல் எழுதிய 'சோ பிக்' என்ற நாவல் அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது. மும்முறை திரைப்படமாகவும் வந்தது. ஆனால் நாவலின் நாயகி செலினா ஒல்லாந்தப் பெண் அல்லள். வெளியிலிருந்து வந்த ஆசிரியை. ஒல்லாந்த விவசாயியை மணந்து விதவையாகி, தானே வண்டியில் மரக்கறி ஏற்றிச் சிக்காகோச் சந்தைக்குச் செல்பவள். கோவாத் தோட்டத்தில் அழகைக் காணும் கண் அவளுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. அயலிலுள்ள ஒல்லாந்தப் பெண்களோ பிள்ளைப்பேற்றாலும் வேலையாலும் களைத்து மங்கிப்போனவர்களாகவே வருகின்றனர். நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆயினும் உழைத்தவளின் கதையை எடுத்துக்கொண்டு அழகுணர்ச்சியை வேறொருத்திக்குக் கொடுத்தது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. பேரப்பிள்ளைகள் எழுதும் குடும்ப வரலாறுகளில் பூட்டி பொறுமையின் திருவுருவமாக, வேதாகமத்தை மடியில் வைத்த மௌனியாக வீற்றிருப்பாள். அவள் கோபப்பட்டதில்லை; ஊர் திரும்ப வேண்டும் என்று அழுததில்லை. அவள் உழுத நிலம் எவருடையது என்பதும் பேசப்படுவதில்லை. அயோவாவின் அந்தப் புல்வெளி 1842ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சௌக், மெஸ்குவாக்கி மக்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலத்தின் பகுதி. மிச்சிகனில் ஹொலண்ட் ஊருக்கு அருகே வாழ்ந்த ஒடாவா மக்கள் 1849இல் வடக்கே இடம்பெயர்ந்தனர். துன்பப்பட்டு வந்தவளின் குடிசை இன்னொருத்தியின் வெறுமையான இடத்தில் எழுந்தது. இதைச் சொல்வதால் பூட்டிக்கு இழுக்கில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவளைப் பொம்மையாக்குகிறது.

மொழி விடயத்துக்கு வருவோம். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1918 மே 23ஆம் திகதி அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஒரு பிரகடனம் செய்தார். பாடசாலையிலும் பொது இடத்திலும் புகையிரதத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டுமே பேசலாம். வழிபாடும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும். புரியாதவர்கள் வீட்டுக்குள் வழிபடலாம் என்றது அது. குறி வைக்கப்பட்டது ஜேர்மன் மொழி. ஸ்கொட் மாவட்டத்தில் தொலைபேசியில் ஜேர்மன் பேசிய விவசாயக் குடும்பப் பெண்கள் சிலர் தண்டம் கட்டினர். ஆனால் அதன் நிழல் ஒல்லாந்த தேவாலயங்களின் மீதும் விழுந்தது. சந்தைக்கும் வங்கிக்கும் சென்ற ஆண்களுக்கு ஓரளவு ஆங்கிலம் பழகியிருந்தது. வீட்டையும் பண்ணையையும் விட்டு அகலாத மூதாட்டிக்கு அது கிடைக்கவில்லை. வாரம் முழுதும் உழைத்தவளுக்கு ஞாயிறன்று கிடைத்த ஒரே செவிச் செல்வத்தையும் அரசாணை பறித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பிரகடனம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாடம் புரிந்துவிட்டது: பாட்டியின் மொழி வெட்கத்துக்கும் ஆபத்துக்கும் உரியது. மொழிச் சட்டங்களின் வேலை எப்படி நடக்கும் என்பதை இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் பதினொரு ஆண்டுகளில், 1929இல், ஹொலண்ட் நகரில் துலிப் மலர் விழா ஆரம்பமாயிற்று. 1935இல் பெல்லாவும் பின்பற்றியது. மரச் சப்பாத்து அணிந்து, பாரம்பரிய உடையில் வாளியும் விளக்குமாறுமாக வீதியைத் தேய்த்துக் கழுவும் காட்சியைப் பெருந்திரளானோர் வந்து பார்க்கின்றனர். ஒல்லாந்தப் பெண் என்றதும் உலகம் எண்ணும் சிறகு வைத்த வெண் தொப்பி உண்மையில் வோலெண்டாம் என்ற கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்துக்குரியது. கால்வினிய விவசாயிகளான இவர்களுடைய பூட்டிமாரில் பெரும்பாலோர் அதை அணிந்தே இருக்கமாட்டார்கள். மொழி போனபின் உடை திரும்பி வருவது குடிபெயர்ந்த சமூகங்கள் பலவற்றில் காணும் வேடிக்கை.

அப்படியானால் பூட்டியின் சொந்தக் குரல் எங்கும் இல்லையா? இருக்கிறது, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. மிச்சிகனிலுள்ள கல்வின் கல்லூரியின் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் பிரிங்க்ஸ் குடியேறியோரின் கடிதங்களைப் பெருமளவில் தேடிச் சேர்த்தது ஒல்லாந்தில்தான். அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பல, படிக்கத் தெரிந்தோர் அற்றுப்போன வீடுகளில் பழைய காகிதமாகிவிட்டன. அமெரிக்காவிலிருந்து போனவற்றை ஊரில் தங்கிவிட்ட அக்காவும் தங்கையும் அவர்களது பிள்ளைகளும் பெட்டகங்களில் பேணியிருந்தனர். அக்கடிதங்களையும் பிறவற்றையும் ஆராய்ந்து சூசன் சிங்கே 2002இல் ஒல்லாந்தக் குடியேற்றப் பெண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

பசு எத்தனை படி பால் தருகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா, அம்மாவின் கல்லறையில் இன்னும் செடி இருக்கிறதா என்பன போன்ற விசாரிப்புகள்தான் இத்தகைய கடிதங்களின் உயிர். கல்வின் காப்பகத்தில் அவை இப்போது பெட்டி பெட்டியாக உள்ளன. பழைய ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.