பழைய காருக்குப் பலமான பின் அக்சில்



இந்த இதழின் வாகனப் பக்கத்தில் மொறிஸ் மைனர் காரின் பின் அக்சிலைப் பற்றிக் கதைப்போம். பிரித்தானியாவுக்கு வந்து சில வருடங்களே ஆன குடும்பங்கள் இந்தக் காரைத் தேடுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஊரில் எத்தனை கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் ஓடிய கார் அது. அந்தப் பாசம் ஒருபுறம். 40 வருடம் கடந்த காரை வரலாற்று வாகனமாகப் பதிந்தால் வீதி வரியும் லண்டனின் யூலெஸ் கட்டணமும் இல்லை என்ற கணக்கு மறுபுறம்.

ஆனால் விற்பனைக்கு வரும் கார்களில் சிலவற்றுக்கு முன்னைய சொந்தக்காரர் பெரிய எஞ்சின் போட்டிருப்பார். 1956 இல் வந்த 948 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைவலு; 1962 இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கு 48. பின் அக்சிலும் அந்த அளவுக்கே செய்யப்பட்டது. அதற்குமேல் வலுவைக் கொடுத்தால், டிஃப்ரன்சலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் சாஃப்ட் முறுக்குத் தாங்காமல் ஒருநாள் முறியும். மோட்டர்வேயில், பிள்ளைகள் பின்னால் இருக்க, அது நடக்கக்கூடாது.

ஆகவே பலமான அக்சில் தேடுமுன் உங்கள் காரில் என்ன எஞ்சின் இருக்கிறது என்று பாருங்கள். பழைய எஞ்சினே இருந்தால் அக்சிலை மாற்றத் தேவையில்லை. பெயரிங், ஒயில் சீல் ஆகியவற்றைப் புதுப்பித்தால் போதும். பின் பிறேக் டிரம்மில் ஒயில் கசிவு தெரிந்தால் அதைப் பிற்போட வேண்டாம். ஒயில் பட்ட பிறேக் பிடிக்காது.

1275 சிசி எஞ்சின் போட்டிருந்தால், இருக்கும் அக்சிலுக்குள்ளேயே கடினமான கலப்பு உருக்கில் செய்த ஹாஃப் சாஃப்ட்களை மாட்டலாம். செலவு குறைந்த வழி இதுவே. எம்ஜி மிட்ஜெட் காரின் டிஃப்ரன்சலும் இதற்குப் பொருந்தும் என்பதால் பலர் அதைப் போடுவார்கள். அதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 4.22 விகிதத்துக்குப் பதிலாக 3.9 போட்டால் எஞ்சின் ஆறுதலாக ஓடும். ஆனால் வேகமானி கியர்பொக்ஸிலிருந்து இயங்குவதால், அதைச் சரிசெய்யாவிட்டால் மானி 60 மைல் காட்டும்போது கார் ஏறக்குறைய 65 இல் ஓடும். வேகக் கமெராவிடம் நியாயம் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய எஞ்சினுக்கு ஃபோர்ட் எஸ்கோட் காரின் பழைய பின் அக்சிலைத் தேடுவார்கள். பலமானதுதான். ஆனால் கொண்டுவந்து அப்படியே பூட்ட முடியாது. ஸ்பிறிங் உட்காரும் தட்டுகளை வெட்டிப் புதிய இடத்தில் ஒட்ட வேண்டும். புரப்பெல்லர் சாஃப்ட், கைப்பிறேக் கேபிள், பிறேக் குழாய் எல்லாம் மாறும். மொறிஸின் சக்கர ஆணிகள் 101.6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும்; எஸ்கோட்டுக்கு 108 மி.மீ. அப்படியே விட்டால் முன்னுக்கு ஒரு றிம், பின்னுக்கு வேறு றிம். ஒரே ஸ்பெயார் வீல் இரண்டுக்கும் உதவாது. வெல்டிங் வேலையைத் தேர்ந்தவரிடமே கொடுங்கள்.

பாவித்த அக்சில் வாங்கும்போது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, முன்பக்கத் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். ஒயிலை இறக்கிப் பாருங்கள். உருக்குத் துகள் இருந்தால் பணத்தைப் பொக்கற்றுக்குள்ளேயே வையுங்கள். வீட்டில் வேலை செய்பவர்கள் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்கக்கூடாது. ஸ்ராண்ட் கட்டாயம்.

பொருத்தி முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. எஞ்சினோ அக்சிலோ மாற்றியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது நட்டஈட்டை மறுக்கவோ குறைக்கவோ கூடும். முன்னைய சொந்தக்காரர் செய்த மாற்றத்தையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத 40 வருடப் பழைய கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயமில்லை. ஆனாலும் அக்சில் மாற்றிய கார் ஒருமுறை அந்தப் பரிசோதனைக்குப் போய்வருவது நல்லது. சில பவுண்களைப் பார்த்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. 1990களில் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு வந்தன. இங்கு பிறந்த காருக்கு அங்குள்ள கைகள் பாகம் செய்து கொடுத்திருக்கின்றன. அந்தக் காரைப் பார்த்து எங்கள் முதியோர் கண் கலங்குவதில் வியப்பில்லை. அவர்களை ஏற்றிச் செல்லுமுன் பின்பக்கம் உறுதியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில் பிறேக் பற்றிப் பார்ப்போம்.