லொறிக்கு ஒரு துண்டுக் காணி

மாவனல்லையில் வீடு கட்டக் காணி தேடுபவரை விட லொறி நிறுத்தக் காணி தேடுபவர் படும் பாடு பெரிது. வீட்டைச் சரிவிலும் கட்டலாம், தூண் எழுப்பிச் சமாளித்து விடலாம். லொறிக்கு அது சரிவராது. எனது லொறியையும் ஒரு பட்டா லொறியையும் நிறுத்துவதற்காகக் கடந்த மூன்று மாதங்களாக ஹெம்மாதகம வீதி, ரம்புக்கன வீதி, ஹிங்குல என்று அலைந்து வருகிறேன். இதே தேவை எமதூர் வர்த்தகர்கள் பலருக்கும் இருப்பதால் பார்த்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளின் விலை எங்கே போய் நின்றது என்பதை வாங்கியவர்களும் விற்றவர்களும் அறிவார்கள். இன்று எம்மில் பலருடைய பெரிய முதல் கடையில் இல்லை, வாகனத்தில்தான் இருக்கிறது. வாரச் சந்தைக்குப் போகும் புடவை வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேன்தான் கடை, வேன்தான் களஞ்சியம். அதைச் சாமானோடு இரவு முழுவதும் கண்டி வீதியோரத்தில் விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக உறங்குவது? போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற ஏச்சு வேறு.

கொழும்பு - கண்டி வீதி 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் காலத்தில் போடப்பட்டது. மாட்டுவண்டிக் காலத்தில் வழிப்போக்கருக்குத் தங்குமிடம் தேவை என்பதை அன்றைய மக்கள் உணர்ந்திருந்தார்கள். கடுகண்ணாவையில் அந்தப் பழைய அம்பலம இன்றும் நிற்கிறது. அதே வீதியில் பிழைப்பு நடத்தும் நாம் வண்டி நிறுத்தும் இடத்தைக் கடைசிக் காரியமாகவே நினைக்கிறோம்.

எமது பிரதேசத்தில் சமதரை என்றால் ஒன்று டவுன், அல்லது வயல். டவுனில் சதுர அடிக்கு விலை பேசுகிறார்கள், கிட்ட நெருங்க முடியாது. வயல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. "இரண்டு லோட் மண் கொட்டினால் போதும், யார் கேட்கப்போகிறார்?" என்று தரகர் சொல்வார். கேட்கும்போது அவர் இருக்கமாட்டார். மா ஓயாவை அண்டிய காணியாக இருந்தால் பெருமழையில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அயலாரிடம் கேட்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது மலைச்சரிவு. சரிவை வெட்டிச் சமப்படுத்தலாம்தான். ஆனால் 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் கேகாலை மாவட்டத்தில் மண் சரிந்தது. மண்வெட்டு இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் பிரதேச சபையிடமும் விசாரித்துக்கொள்வது அவசியம். தோட்ட எல்லையில் காட்டப்படும் காணிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தில் 50 ஏக்கருக்கு மேற்பட்டவை சுவீகரிக்கப்பட்டன. காட்டுபவர் உண்மையில் சொந்தக்காரர்தானா என்பதைக் காணிப் பதிவகத்தில்தான் அறியலாம்.

இனி அளவு. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. நடுத்தர லொறி ஒன்றுக்குக் கதவு திறக்கும் இடமும் சேர்த்து 12 அடி அகலமும் 25 அடி நீளமும் வேண்டும், அதாவது ஒரு பேர்ச்சஸுக்குச் சற்றுக் கூட. ஆனால் முன்னால் வெட்டித் திருப்ப இன்னும் 30 அடியாவது வேண்டும். ஒரு லொறி என்றாலும் அந்த 30 அடி வேண்டும், நாலு லொறி என்றாலும் அதே 30 அடிதான். நாலு லொறியைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 48 அடிக்கு 55 அடி, ஏறத்தாழ 10 பேர்ச்சஸில் காரியம் முடிகிறது. ஆளுக்கு ஆள் தனித்தனியே மூலைமுடுக்கில் தேடி, பின்னுக்கு எடுத்து வீதியில் இறங்கும் காணிகளுக்கு வாடகை கொடுப்பதை விட நாலு பேர் சேர்ந்து ஒரு காணியைக் குத்தகைக்கு எடுப்பதே புத்தி. காவலாளியும் ஒருவர், மின்குமிழும் ஒன்று.

சேர்ந்து எடுப்பதென்றால் எழுத்து வேண்டும். இங்கேதான் "நம்மட ஆள்தானே" என்ற பேச்சு வருகிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் அமுலில் உள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிஸ் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. கைக்கடிதத்தை நம்பி கிறவல் போட்டு, மதில் கட்டி, ஆறாம் மாதம் "எடுங்கள் வண்டியை" என்று கேட்டுக்கொண்டவர்கள் எமதூரிலும் இருக்கிறார்கள். எழுதிய பின்னர் பதிவும் செய்ய வேண்டும்.

எழுதிக் கொடுக்கக் காணிக்காரர் தயங்குவது வேறு காரணத்தால். பத்து வருடம் விட்டால் காணி போய்விடும் என்று பயப்படுகிறார்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது சொந்தக்காரரின் உரிமையை மறுத்து ஆண்டு வருபவருக்கு உரியது. வாடகை கொடுத்து இருப்பவர் குத்தகைக்காரர் என்பதற்கு அந்த உறுதியே சிறந்த அத்தாட்சி. ஆகவே எழுத்து அவரைத்தான் முதலில் காப்பாற்றுகிறது. இதை விளக்கிச் சொன்னபோது நான் கண்ட இரண்டு காணிக்காரர்கள் மனம் மாறினார்கள்.

எம்மவரின் காணிகளில் அடிக்கடி தட்டுப்படும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தாகிப் பதினைந்து வருடமாகியிருக்கும், உறுதி இன்னும் அவருடைய பெயரிலேயே இருக்கும். மூத்த மகன் வந்து வாடகை பேசுவார். ஆனால் உம்மாவுக்கும் ராத்தா தங்கச்சிமாருக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவர் வைக்கும் கையெழுத்து அவரது பங்கை மட்டுமே கட்டும். எல்லோரும் கையெழுத்திட்டால் ஒழிய, அல்லது அற்றோணித் தத்துவம் கொடுத்தால் ஒழிய, அந்தக் காணியில் கிறவல் போடாதீர்கள். பெண் பிள்ளைகளிடம் கேட்கத் தேவையில்லை என்பவரின் காணி எனக்கு வேண்டாம் என்று ஓரிடத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

உறுதியில் பாதை உரிமை இருக்கிறதா, அதன் அகலம் எத்தனை அடி என்பதையும் பிளானில் பாருங்கள். முச்சக்கர வண்டி போகும் பாதையைக் காட்டி "லொறி போகும்" என்பவர்கள் அதிகம். நான் இப்போது லொறியோடுதான் காணி பார்க்கப் போகிறேன்.

தற்சமயம் நாங்கள் நாலு வியாபாரிகள் சேர்ந்து ரம்புக்கன வீதிப் பக்கம் 15 பேர்ச்சஸ் காணி ஒன்றை ஐந்து வருடக் குத்தகைக்குப் பேசியிருக்கிறோம். பிளானும் உறுதியும் நொத்தாரிஸிடம் இருக்கின்றன. பதிவகத் தேடுதல் முடிந்ததும் எழுதுவோம். காணியில் இன்னும் இரண்டு லொறிக்கு இடமுண்டு.