குண்டு வேண்டும் என்றவரும் குண்டு வேண்டாம் என்கிற நாமும்

கூடங்குளம் அணுஉலையைப் பற்றித் தமிழில் துண்டறிக்கை, கட்டுரை, கவிதை எல்லாம் ஏராளமாக வந்துவிட்டன. அணு ஆயுதக் கொள்கை என்றால் நம் சிற்றிதழ்கள் சட்டென்று ஊமையாகிவிடுகின்றன. அந்தக் கொள்கைக்காக நாற்பதாண்டுக்கும் மேல் மல்லுக்கு நின்றவர் ஒரு திருச்சிக்காரர் என்பதுகூட, அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்று சொன்னால்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது.

கே. சுப்ரமணியம் 1929இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, 1951இல் ஐ.ஏ.எஸ். ஆனார். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்த பிறகு, இந்தியாவுக்கும் குண்டு வேண்டும் என்ற வாதத்தை அவர் விடவே இல்லை. 1968இல் டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடக் கூடாது என்று எழுதினார், பேசினார், சண்டை போட்டார். குண்டு போரிடுவதற்கு அல்ல, எதிரியை மிரட்டவிடாமல் நிறுத்துவதற்கு என்பதுதான் அவர் கட்சி.

1998 மே மாதம் பொக்ரான் வெடித்தது. அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் வெடித்துக் காட்டியது. இரண்டு கையிலும் குண்டு இருந்தால் போர் வராது என்றார்கள். ஓராண்டுதான், கார்கில் வந்தது. நம் பக்கம் மட்டும் 500க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அதை விசாரிக்க 1999 ஜூலையில் அமைந்த குழுவுக்குத் தலைவர் யார்? சுப்ரமணியமேதான். அடுத்த மாதம் 17ஆம் தேதி வெளியான அணு ஆயுதக் கோட்பாட்டு வரைவைத் தயாரித்த தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவையும் அவரே நடத்தினார். ஒரு கையில் கோட்பாடு, மறு கையில் அதன் ஓட்டை! பெரும் போராக மூளாமல் தடுத்தது குண்டுதான் என்பார்கள் அவர் பக்கத்தார். எல்லை தாண்டும் துணிச்சலைக் கொடுத்ததே அந்தக் குண்டுதான் என்பது எங்கள் எண்ணம்.

வரைவு சொன்னது: முதலில் நாம் பயன்படுத்த மாட்டோம், நம்மீது போட்டால் திருப்பி அடிப்போம், விமானம், ஏவுகணை, கடல் என மூன்று வழியிலும் ஆயுதம் இருக்கும், குறைந்தபட்சம் போதும். அந்தக் 'குறைந்தபட்சம்' எத்தனை என்று எண் போடவில்லை. 2025 கணக்கில் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் இந்தியாவிடம் சுமார் 180 இருப்பதாக மதிப்பிடுகிறது.

இந்த இதழுக்கு அணுகுண்டில் உடன்பாடு கிடையாது. ஆனாலும் மனிதரை மதிக்கிறோம். பூட்டிய கோப்பில் கிடக்க வேண்டியதை நாட்டின் முன்னால் விரித்துப் போட்டு, அடிக்க வந்தவர்களுக்கும் பதில் சொன்னார். அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசு விருது வாங்கக் கூடாது என்று பத்மபூஷணை மறுத்தார். (விருது அறிவித்த மறுநாளே சால்வையோடு நிற்கும் நம் எழுத்தாளர்கள் கவனிக்க.) 2011 பிப்ரவரியில் காலமானார்.

அந்த வரைவு சில பக்கங்கள்தான். 2003 ஜனவரியில் சில மாற்றங்களோடு அரசு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. வாசித்துவிட்டு, ஆதரித்தோ எதிர்த்தோ எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.