பத்து வருடக் கணக்கு

இரணியல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீசுகளில் (முந்திரிப் பருப்பு ஆலைகளில்) வேலை பார்த்து ஐம்பதைத் தொடும் பெண்கள் நம்மிடம் கேட்பது, “பென்ஷன் இப்பவே எழுதிப் போடலாமா, ஐம்பத்தெட்டு வரை இருக்கணுமா?” என்றுதான். நாமும் உடனே வயதுக் கணக்குக்குப் போய்விடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது வருடக் கணக்கு.

1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷனுக்கு 10 வருடப் பணி வேண்டும். அண்டித் தொழிலில் இந்தப் பத்து வருடம் சிதறிக் கிடக்கும். ஒரு ஆபீஸ் பூட்டினால் வேறொன்று, அங்கே வேறொரு பி.எஃப். எண். இடையில் மகள் கல்யாணத்துக்கென்று படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்திருப்பார்கள். எடுத்ததோடு அந்த வருடங்கள் போயின. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டிருந்தால் அவை அடுத்த வேலையோடு சேர்ந்திருக்கும். எட்டு வருடம் முடித்துப் பணம் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லாமல் படிவம் நிரப்பிக் கொடுப்பது அநியாயம்.

இன்னொன்றையும் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். பருவகால வேலை என்றால், ஒரு வருடத்தில் சில மாதமே வேலை பார்த்திருந்தாலும் அதை முழு வருடமாக எடுக்கத் திட்டத்திலேயே இடமுண்டு. ஏழு வருடம் என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் கணக்கை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள்.

இனி வயது. சராசரிச் சம்பளம் 7,000, பணி 14 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 7,000ஐ 14ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால், 58 வயதில் மாதம் 1,400 ரூபாய். ஐம்பதிலேயே வாங்கினால், குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 விழுக்காடு போய் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும். ஆனால் எட்டு வருடத்தில் கைக்கு வரும் 96,000 ரூபாயை, மாதம் 400 வித்தியாசம் ஈடுகட்ட இன்னும் 20 வருடம் பிடிக்கும். விலைவாசியோடு உயராத பென்ஷன் இது. ஆகவே இனி வேலைக்குப் போகவே முடியாத, மருந்துச் செலவில் தவிக்கிற அக்காவிடம் “பொறுங்கள்” என்று நாம் சொல்ல மாட்டோம். சீசன் திறந்ததும் மறுபடி போவேன் என்பவருக்குக் கதை வேறு. பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருக்கும்போது முன்கூட்டிய பென்ஷனுக்கு உரிமை கிடையாது. வேலையில் தொடர்ந்தால் வருடமும் ஏறும், 20 வருடம் முடித்து 58இல் ஓய்வு பெற்றால் 2 வருடம் கூடுதலாகவும் சேரும்.

60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 விழுக்காடு கூடும். நம் கணக்குக்கு 33,600 ரூபாயை விட்டு மாதம் நூற்றுச் சொச்சம் பெறுவது அது. உடல் தேய்ந்த இவர்களுக்கு அதை நாம் பரிந்துரைக்கவில்லை.

பென்ஷன் கேட்டுப் படிவம் 10டி போடும் முன் ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பிறந்த தேதியை ஒத்துப் பாருங்கள். பென்ஷன் வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று உண்டு. அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் போகலாம். முகத்தை வைத்துச் சான்று பதியும் வசதி செல்போனிலேயே இருக்கிறது. பதிந்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும், நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.