லே பயணமா? முதல் 2 நாள் ஓய்வுக்கு!

'நாலு நாள் லீவு, லடாக்கில் லே நகரத்தைப் பார்த்துட்டு வந்துடறோம்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். லேயோ சுமார் 3,500! அங்கே மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயு, கடலோர ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. டெல்லியிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். உடம்பு பழக நாள் பிடிக்குமே!

முதல் 2 நாள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

'சுக்குக் கஷாயம் போதாதா, டாக்டர்?' சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்... போதாது!

நாலே நாள்தான் என்றால் மணாலி போங்கள். லேவுக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.